கதிரியக்கச் சிப்பங்களும் முப்பது நிமிடக் கணக்கும்

2025 டிசம்பர் 17 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் ஒன்றிய பாஜக அரசு அவசர அவசரமாக நிறைவேற்றிக்கொண்ட அணுசக்திச் சட்டத்திற்கு ‘சாந்தி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தையும், 2010-ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் ஒருசேர நீக்கிவிட்டு, அணு உலைகளைத் தனியார் முதலாளிகளுக்குத் திறந்துவிடுவதே அதன் சாரம். உலைகளைப் பற்றி ஏராளமாகப் பேசியாயிற்று. அதிகம் பேசப்படாத ஒன்று அதே சட்டத்தில் உலைகளுக்கு அடுத்தபடியாக இடம்பெற்றுள்ளது. அணு எரிபொருளையும் பயன்படுத்தி முடித்த எரிபொருளையும் கொண்டுசெல்வதற்கும் இருப்பு வைப்பதற்கும்கூட இனித் தனியார் நிறுவனம் உரிமம் பெறலாம்.

இதைக் கேள்விக்குள்ளாக்கினால் ஆளுங்கட்சியின் ஆதரவாளர்களிடமும், அவர்களைவிட நாகரிகமாகப் பேசத் தெரிந்த நிர்வாகவியல் அறிஞர்களிடமும் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது. கதிரியக்கப் பொருள் செல்லும் கலங்கள் உலகத் தரத்தில் வடிவமைக்கப்பட்டவை. விழுந்தாலும் உடையாது, எரிந்தாலும் உருகாது. பாதுகாப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கும்போது லாரி யாருடையதாக இருந்தால் என்ன என்பதே அந்தப் பதில். இந்த வாதம் பாதி உண்மை. பாதி உண்மையை மறுப்பது முழுப் பொய்யை மறுப்பதைவிடக் கடினமான வேலை என்பதால், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டே பேச வேண்டியிருக்கிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள தோழர்கள் சிலர் இது கல்பாக்கத்துக்காரர்களின் கவலை, கூடங்குளத்துக்காரர்களின் கவலை என்று எண்ணுவதுண்டு. நமது இரு மாவட்டங்களிலும் அணு உலை இல்லைதான். ஆனால் சித்தூர் நான்கு திசைச் சாலைகள் கூடும் ஊர். தெற்கே போனால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. வடக்கே திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை. இரண்டிலும் அணு மருத்துவப் பிரிவுகளும் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடைபெறுகின்றன. மேற்கே கோலார் மாவட்டத்து மாலூரில், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் மாம்பழத்தின் மீது காமாக் கதிர் பாய்ச்சும் ஆலை உள்ளது. வடக்கே இன்னும் சற்று மேலே கடப்பை மாவட்டத்தில் தும்மலப்பள்ளி யுரேனியச் சுரங்கம். இவற்றுக்கு வருவதும் இவற்றிலிருந்து செல்வதும் தென்னாந்திரத்தின் சாலைகளில்தான். அணு உலை நின்ற இடத்தில் நிற்கும். சிப்பம் ஊர் ஊராகச் செல்லும்.

‘பேக்கேஜ்’ என்பதற்குச் ‘சிப்பம்’ என்ற சொல்லையே இங்கு ஆள்கிறேன். புகையிலைச் சிப்பம், துணிச் சிப்பம் என்று சுமைப்பணித் தோழர்களின் தோளில் வாழ்ந்த சொல் அது. ‘பெட்டி’ என்பது போதாது. ஏனெனில் விதிகளின்படி கலமும் அதனுள் இருக்கும் பொருளும் சேர்ந்ததே சிப்பம். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதே அந்த வடிவமைப்பியலின் முதல் பாடம்.

சர்வதேச அணுசக்தி முகமை 1961-இல் முதன்முதலாக வெளியிட்டு, பலமுறை திருத்தி, 2018-இல் புதுப்பித்த போக்குவரத்து ஒழுங்குவிதிகளே உலகெங்கும் இத்துறைக்கு அடிப்படை. நமது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2016-இல் வெளியிட்ட பாதுகாப்புக் கோவையும் அவற்றை ஒட்டியதே. அவற்றின் அடிப்படைத் தத்துவம் பாராட்டுக்குரியது: ஏற்றிச்செல்பவர் தவறினாலும் சிப்பம் தவறக் கூடாது, பாதுகாப்பை லாரி ஓட்டுநரின் கவனத்திடம் ஒப்படைக்காமல் சிப்பத்தின் வடிவமைப்பிலேயே கட்டிவைக்க வேண்டும். எல்லாக் கதிரியக்கப் பொருளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பதால், உள்ளடக்கத்திற்கேற்பச் சிப்பமும் படிப்படியாக வலுப்பெறுகிறது. ஆய்வகத்திற்குச் செல்லும் நுண்ணளவு மாதிரிக்கு எளிய அட்டைப்பெட்டியே போதும். தும்மலப்பள்ளியிலிருந்து ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகத்திற்குச் செல்லும் யுரேனியச் சேர்மத்தைப் போன்ற, எடை மிகுந்து கதிரியக்கம் குறைந்த சரக்குக்குத் ‘தொழில்வகைச் சிப்பம்’ என்ற பெயரில் உருளைப் பீப்பாய்கள். மருத்துவமனைகளுக்குச் செல்லும் மாலிப்டினம்-99, அயோடின்-131 போன்றவற்றுக்கு ‘ஏ’ வகை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மாம்பழ ஆலைக்கும் வேண்டிய கோபால்ட்-60, அணு உலையிலிருந்து வெளிவரும் பயன்படுத்திய எரிபொருள் ஆகியவற்றுக்கு ‘பி’ வகை. பெரும் அளவில் விமானத்தில் அனுப்புவதற்கு ‘சி’ வகை.

‘பி’ வகைக்கு வைக்கப்படும் தேர்வு கடுமையானது. 9 மீட்டர் உயரத்திலிருந்து, சற்றும் நெகிழாத தளத்தின் மீது, எந்தக் கோணத்தில் விழுந்தால் மிகுந்த சேதம் நேருமோ அந்தக் கோணத்தில் போட வேண்டும். பிறகு 1 மீட்டர் உயரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டின் மீது குத்திட்டு விழச் செய்ய வேண்டும். அப்படி அடிபட்ட அதே சிப்பத்தை 800 டிகிரி செல்சியஸ் நெருப்பில் 30 நிமிடம் வாட்ட வேண்டும். நீரில் மூழ்கடிக்கும் சோதனை தனி.

9 மீட்டர் என்றவுடன் தோழர்களுக்குப் பாகரப்பேட்டை நினைவுக்கு வரலாம். 2022 மார்ச்சில் தர்மவரத்திலிருந்து திருப்பதிக்கு நிச்சயதார்த்தத்திற்குச் சென்ற பேருந்து அந்த மலைப்பாதையில் இரவு வேளையில் உருண்ட பள்ளம் 9 மீட்டரைவிட ஆழமானது. ஆகவே இந்தத் தேர்வு நமது மலைப்பாதைகளுக்குப் போதாது என்று மேடையில் முழங்கத் தோன்றும். அப்படி முழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘நெகிழாத தளம்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மண்ணும் பாறையும் லாரியின் உடலும் மோதலின் ஆற்றலில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். தேர்வுத் தளம் எதையும் வாங்கிக்கொள்ளாது, முழு அடியும் சிப்பத்தின் மீதே விழும். எனவே அந்த 9 மீட்டர், மண்மேட்டில் விழும் இன்னும் பெரிய வீழ்ச்சிக்குச் சமமாகலாம். பொறியியலாளர்கள் நேர்மையாகச் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பது நமது அரசியல் அல்ல. நமது நாட்டில் இச்சிப்பங்களை வடிவமைப்பதிலும், ஐசோடோப்புகளைத் தயாரித்து மருத்துவமனைகளுக்கு அனுப்புவதிலும் முன்னிற்பது மும்பை வாஷியில் உள்ள ‘பிரிட்’ என்ற பொதுத்துறை அமைப்பு. அதன் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் நமது மதிப்பிற்குரியவர்கள்.

கேள்வி ‘ஏ’ வகையில் தொடங்குகிறது. எண்ணிக்கையில் ‘பி’ வகையை மிஞ்சி, நமது சாலைகளில் வழக்கமாகச் செல்வது அதுதான். மாலிப்டினம்-99 அறுபத்தாறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அயோடின்-131 எட்டு நாளில். அவற்றைத் தேக்கிவைக்க முடியாது, ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஏ’ வகைச் சிப்பத்திற்குத் தேர்வு, நீர்த்தெளிப்பு, 1.2 மீட்டர் வீழ்ச்சி, தன்னைப்போல் ஐந்து மடங்கு எடையை 24 மணி நேரம் தாங்குதல், 6 கிலோ இரும்புத் தண்டு மேலே விழுதல். அதாவது, கைதவறிக் கீழே விழுவதைத் தாங்கும்; நெடுஞ்சாலை விபத்தைத் தாங்கும் என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை. வடிவமைத்தவர்கள் இதை ஒளிக்கவும் இல்லை. விபத்தில் இது உடையலாம் என்று ஏற்றுக்கொண்டு, உடைந்தாலும் பெருந்தீங்கு நேராதபடி உள்ளே வைக்கும் அளவுக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறார்கள்.

அந்த உச்சவரம்பு எப்படிக் கணக்கிடப்பட்டது? சிப்பம் சிதைந்த இடத்தில் ஒரு மனிதர் ஒரு மீட்டர் தொலைவில் நிற்கிறார். முப்பது நிமிடம் நிற்கிறார். அப்போது அவர் உடல் ஏற்கும் கதிர்வீச்சு 50 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. இதுவே வரம்பின் அடிப்படைக் கற்பிதங்களில் ஒன்று. பொதுமக்களுக்கு ஓராண்டு முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட கூடுதல் அளவு 1 மில்லிசீவர்ட் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோபால்ட்-60-ஐ ‘ஏ’ வகையில் எவ்வளவு வைக்கலாம், இரிடியம்-192-ஐ எவ்வளவு வைக்கலாம் என்ற எண்கள் எல்லாம் இத்தகைய கற்பிதங்களிலிருந்தே பிறக்கின்றன. சிதைந்த சிப்பத்தின் அருகே ஒருவர் அரை மணி நேரத்திற்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று வைத்துக்கொள்கிறார்கள்.

யார் அந்த மனிதர்? நெடுஞ்சாலையில் ரோந்து வாகனமும் தீயணைப்பு வண்டியும் பத்து நிமிடத்தில் வந்து, கயிறு கட்டி, கூட்டத்தை விலக்கும் நாட்டில் வாழ்பவர். மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதிய விபத்தைச் சித்தூர்த் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமது சாலைகளில் விபத்து நேர்ந்தால் முதலில் ஓடிவருபவர் பக்கத்து நிலத்தில் வேலை செய்யும் கூலித் தொழிலாளி. அவர் தொலைவில் நின்று பார்ப்பதில்லை; கவிழ்ந்த வண்டிக்குள் புகுந்து ஆட்களை வெளியே இழுக்கிறார். ஓட்டுநர் இருக்கையில் சிக்கிக்கொண்டால், கிரேன் வரும் வரை அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். முப்பது நிமிடம் ஆயிற்று, விலகிவிடுங்கள் என்று அவரிடம் யார் சொல்வது? சிப்பத்தின் சுவர் எஃகினால் ஆனது. அதன் உள்ளடக்க வரம்போ, சமூகத்தைப் பற்றிய ஓர் ஊகத்தால் ஆனது. எஃகை இறக்குமதி செய்யலாம். அந்த ஊகம் எந்தச் சமூகத்தில் பொருந்துமோ அதை இறக்குமதி செய்ய முடியாது.

விபத்தே நேராத பயணத்தையும் பார்ப்போம். கதிரியக்கச் சிப்பம் ஏற்றிய வாகனத்தில் ஓட்டுநர் அமரும் இடத்தில் மணிக்கு 0.02 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு இருக்கலாம் என்பது விதி. உச்ச அளவில் ஐம்பது மணி நேரம் ஓட்டினால் பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு நிரம்பிவிடும். மும்பையிலிருந்து திருப்பதிக்கு லாரியில் இரண்டு நடை வந்தால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். நடைமுறையில் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் குறைவாக இருந்தது என்று அளந்து சொல்ல, ஓட்டுநரின் சட்டையில் அளவி வில்லை இருக்க வேண்டும். அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் கீழ் நடைக்கூலிக்கு ஓட்டுபவர், அவருடைய கிளீனர், சரக்கு மாற்றும் கிடங்கில் முதுகில் சாய்த்துச் சுமக்கும் தொழிலாளி ஆகியோர் ‘கதிர்வீச்சுப் பணியாளர்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. சிப்பத்தின் மேற்பரப்பில் மணிக்கு 2 மில்லிசீவர்ட் வரை இருந்தால் அதற்கு மஞ்சள் நிற மூன்றாம் தர வில்லை ஒட்டப்படும். அந்த வில்லையின் மூன்று சிவப்புக் கோடுகளுக்குப் பொருள் தெரிந்தவர் அதை உடம்போடு சேர்த்தணைத்துத் தூக்க மாட்டார். தெரியாதவர் தூக்குவார்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. அபாயகரச் சரக்கு ஏற்றும் வாகனத்தின் ஓட்டுநருக்கு, எட்டாவது அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஒன்றிய மோட்டார் வாகன விதிகளில் 9-ஆவது விதி. சிப்பத்தின் வில்லைக்குத் தெலுங்கு தெரிய வேண்டும், தமிழ் தெரிய வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. மூவிலைச் சின்னத்தை மக்கள் அடையாளம் காண்பதில்லை என்பதைச் சர்வதேச முகமையே உணர்ந்துதான், பதினொரு நாடுகளில் சோதித்துப் பார்த்து, மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட சிவப்பு முக்கோணச் சின்னத்தை 2007-இல் அறிமுகப்படுத்தியது. எழுத்தறியாதவருக்கும் புரியும் அந்தச் சின்னம் கருவியின் உட்பகுதியில், கதிர்மூலத்தை நெருங்கும் இடத்தில் ஒட்டுவதற்கானது. போக்குவரத்துச் சிப்பத்தின் வெளிப்புறத்தில் அதற்கு இடமில்லை.

சிப்பத்தை வடிவமைப்பது கணினியில் முடிகிற வேலை அன்று. அதை மூடி, மரையாணி முடுக்கி, ஏற்றி, இறக்கி, எண்ணிச் சரிபார்க்கும் கைகளில்தான் அது நிறைவடைகிறது. இதற்குச் செல்வம் கொழிக்கும் நாட்டிலிருந்தே சான்று உண்டு. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில், ரியோ டின்டோ நிறுவனத்தின் இரும்புச் சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு லாரியில் சென்ற ஓர் அளவுகருவியிலிருந்து சீசியம்-137 வில்லை ஒன்று காணாமற்போயிற்று. 6 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் உயரம். பச்சைப்பயறு நான்கைந்தைச் சேர்த்துவைத்தால் ஆகும் அளவு. சாலை அதிர்வில் மரையாணிகள் கழன்று, ஆணி இருந்த துளை வழியாகவே வில்லை நழுவி விழுந்துவிட்டது. அதிர்வினால் ஆணி கழலாதபடி சிப்பத்தை அமைக்க வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது! லாரி 16-ஆம் தேதி பெர்த் சேர்ந்தது. சிப்பம் திறக்கப்பட்டது 25-ஆம் தேதி. அதுவரை தொலைந்தது எவருக்கும் தெரியாது. 1,400 கிலோமீட்டர்ச் சாலையை அளவுகருவிகளோடு சல்லடை போட்டுத் தேடி, பிப்ரவரி 1 அன்று சாலையோரத்தில் கண்டெடுத்தார்கள். உலகின் மிகப் பெரிய சுரங்கக் கம்பெனிகளில் ஒன்று சம்பந்தப்பட்ட இந்த அலட்சியத்திற்கு அந்த மாநிலத்தின் அன்றைய சட்டம் விதித்திருந்த அதிகபட்ச அபராதம் 1,000 டாலர்.

சிரிக்க வேண்டாம். நம்மை அறுபதாண்டுக்கும் மேலாக ஆண்ட 1962 சட்டத்தின் 30(3) பிரிவு, அதன்கீழ் வகுக்கப்படும் விதிகளை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தை 500 ரூபாயோடு நிறுத்திக்கொண்டது. 2012-இல் ஒழுங்குமுறை வாரியத்தின் செயல்பாட்டை ஆய்வு செய்த சிஏஜி அறிக்கை, இந்த அபராதங்கள் எவரையும் தடுக்கப் போதாதவை என்றும், நாட்டில் உள்ள மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 91 விழுக்காடு வாரியத்தில் பதிவே செய்யப்படாமல் இயங்குகின்றன என்றும் குறிப்பிட்டது.

அந்த அறிக்கைக்கு இரண்டாண்டு முன்புதான் தில்லி மாயாபுரியில் ஒரு தொழிலாளி உயிரிழந்திருந்தார். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, 1960-களின் இறுதியில் கனடாவிலிருந்து வாங்கிய காமாக் கதிர்க் கருவி ஒன்றை 1985-க்குப் பின் பயன்படுத்தாமல் வைத்திருந்து, 2010 பிப்ரவரியில் பழைய இரும்பாக ஏலம் விட்டது. மாயாபுரியின் காயலான் கடைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்தார். மேலும் ஏழு பேர் கதிர்வீச்சு நோய்க்கு உள்ளாயினர். கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். நாற்பதாண்டில், தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கே எஞ்சியிருந்திருக்கும். அந்தப் பங்கே ஓர் உயிரைக் குடித்தது.

அந்தக் கருவியின் கவசம் நாற்பதாண்டுக் காலம் தன் வேலையைக் குறையின்றிச் செய்தது என்பதைக் கவனியுங்கள். கசியவில்லை, துருப்பிடித்து உதிரவில்லை. அது உடைக்கப்பட்டதற்குக் காரணம், அதில் ஈயம் இருந்ததும் ஈயத்திற்கு விலை இருந்ததும்தான். கதிரைத் தடுக்க ஈயம் வேண்டும். ஈயம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும். பாதுகாப்பு கூடக்கூடக் காயலான் கடையில் அதன் மதிப்பும் கூடும். ஒரு நாள் கூலிக்கு ஈயத்தைச் சுத்தியலால் பெயர்த்தெடுக்க வேண்டிய நிலையில் ஒரு மனிதரை வைத்திருக்கும் சமூகத்தில், சிறந்த கவசமே சிறந்த தூண்டிலாகிவிடுகிறது. 9 மீட்டர் வீழ்ச்சியைத் தாங்கும் சிப்பம் வறுமையின் சுத்தியலைத் தாங்காது. பிரேசிலின் கோயானியா நகரில் 1987-இல் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்காகப் பிரித்து நால்வர் மாண்டதும், தாய்லாந்தின் சமுத் பிராகானில் 2000-ஆம் ஆண்டில் மூவர் மாண்டதும் இதே கதைதான். நமது ஆந்திரத்தில், 2020 ஜனவரியில் ராஜமகேந்திரவரத்தின் ஓஎன்ஜிசி பிரிவில் காணாமற்போன சீசியம்-137 கதிர்மூலத்தைக் கிருஷ்ணா மாவட்டத்தின் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் காவல்துறை மீட்டது.

எதிர்த்தரப்பு இங்கே குறுக்கிடும். தில்லிப் பல்கலைக்கழகமும் ஓஎன்ஜிசியும் அரசு நிறுவனங்கள்தானே, தனியாரையா குற்றம் சாட்டுகிறீர்கள் என்று கேட்கும். நியாயமான கேள்வி. உடைமை அரசிடம் இருந்தால் போதும், பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. கதிர்மூலம் பிறந்தது முதல் புதைக்கப்படுவது வரை அதன் ஒவ்வோர் அசைவையும் எழுதிவைக்கும் பதிவேடு வேண்டும். அதைக் கண்காணிக்க அஞ்சாத ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும். தொழிலாளிக்குக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். இவை இல்லாதபோது பொதுத்துறையும் தவறும். இவை இல்லாத இடத்தில் லாப நோக்கத்தையும் கொண்டுவந்து சேர்த்தால் என்ன ஆகும் என்பதே எங்கள் கேள்வி. வலுவிழந்த கதிர்மூலத்தைத் தயாரித்தவரிடமே திருப்பி அனுப்புவதுதான் பாதுகாப்பான வழி. போகும் நடைக்கு வருமானம் உண்டு. திரும்பும் நடைக்குச் செலவு மட்டுமே. டன் கணக்கில் எடையுள்ள கலத்தை, விற்க எதுவும் இல்லாத சரக்குக்காக ஆயிரம் கிலோமீட்டர் திருப்பிக் கொண்டுவரும் கடமையை எந்தப் பங்குதாரர் விரும்பி ஏற்பார்? நிறுவனம் திவாலானால் அந்தக் கலமும் கடன்காரர்களின் பட்டியலில் ஒரு சொத்தாகும். சொத்து ஏலத்திற்கு வரும். மாயாபுரிக்குப் போகும் வழி ஏலத்தில்தான் தொடங்கியது.

இழப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். 2008-இல் அமெரிக்க அணு ஒப்பந்தத்தை எதிர்த்து ஐமுகூ அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்ட இடதுசாரிகள், 2010 சட்டத்தின்போதும் பழுதான கருவியை விற்றவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் போராடினர். 17-ஆவது பிரிவில் அது ஓரளவு இடம்பெற்றது. அதே சட்டம் அணுப்பொருள் போக்குவரத்து விபத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பை 100 கோடி ரூபாயோடு வரையறுத்தது. பதினைந்து ஆண்டு கழித்து, விலைவாசி எங்கோ போய்விட்ட நிலையில், புதிய சட்டத்தின் அட்டவணையிலும் போக்குவரத்துக்கு அதே 100 கோடிதான். விற்றவரின் பொறுப்போ அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. கலத்தின் பற்றவைப்பில் குறை இருந்து கசிந்தால், கலத்தைச் செய்து விற்றவரை இழப்பீட்டுக்கு இழுக்கும் அந்தச் சட்டவழி போய்விட்டது.

இதைவிடக் கொடுமையான இடைவெளி ஒன்று உண்டு. 2010 சட்டம், மருத்துவத்திற்கும் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் பயன்படும் இறுதி நிலையை எட்டிவிட்ட ஐசோடோப்புகளைத் தன் வரையறையிலிருந்தே விலக்கிவைத்தது. அதாவது சித்தூர்ச் சாலையில் நித்தம் செல்லும் சிப்பங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாதவை; மாயாபுரி கோபால்ட்டும் அப்படியே. சரி, போபாலுக்குப் பின் வந்த 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமாவது உதவுமா? அது ‘விபத்து’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் போரினாலும் கதிரியக்கத்தினாலும் மட்டுமே நேரும் விபத்துகள் அடங்கா என்று எழுதிவைத்திருக்கிறது. ஒரு சட்டம் ஐசோடோப்பு என்று தள்ளும்; மற்றொன்று கதிரியக்கம் என்று தள்ளும். சுமைதூக்கியவர் உரிமையியல் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். சட்டத்தையே புதிதாக எழுத அமர்ந்தவர்கள் எந்த இடைவெளியை முதலில் அடைத்தார்கள்? முதலாளிக்குச் சங்கடம் தந்த 17-ஆவது பிரிவை!

புதிய சட்டம் ஒழுங்குமுறை வாரியத்திற்குச் சட்ட அந்தஸ்து வழங்கியிருப்பதை வரவேற்கத்தான் வேண்டும். 1983 முதல் வெறும் நிர்வாக ஆணையின் மீது நின்ற அமைப்பு அது. ஆனால் அதன் உறுப்பினர்களைப் பரிந்துரைக்கும் தேர்வுக் குழுவை அமைப்பது அணுசக்தி ஆணையம். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரே கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சுதந்திரம் என்று பெயரிட, சட்ட அமைச்சகத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு வார்த்தை. மருத்துவமனைக்கு வரும் மூவிலைச் சின்னமுள்ள வண்டியைக் கண்டதும் ‘அணுவே வேண்டாம்’ என்று மறிக்கலாம் என எண்ணும் நண்பர்கள் நமது மேடைகளிலும் உண்டு. தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் சிகிச்சை வேண்டி வேலூரிலும் திருப்பதியிலும் காத்திருக்கும் ஏழை நோயாளியிடம் போய் அந்த முழக்கத்தை எழுப்பிப் பார்க்கட்டும். எட்டு நாளில் பாதியாகும் மருந்தை ஒரு நாள் சாலையில் நிறுத்தினால் அது ஒரு பங்கு வீணாகிறது. அந்த நோயாளியின் முறையும் தள்ளிப்போகிறது. அறிவியலை முதலாளியிடம் விட்டுவிட்டு அச்சத்தை நாம் வைத்துக்கொள்வது இடதுசாரி அரசியலாகாது. பொதியப்பட்டுப் போகிறதைக் கண்டு அஞ்சுகிற நாம், எந்தச் சிப்பத்திலும் பொதியப்படாமல் தும்மலப்பள்ளியில் தேங்கிக் கிடக்கும் ஆலைக்கழிவைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம்? நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று அந்தச் சுற்றுவட்டார விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இரு மாவட்டக் குழுக்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. சுமைப்பணித் தொழிலாளர் சங்கமும் லாரி ஓட்டுநர் சங்கமும், கதிரியக்கச் சிப்பத்தைக் கையாளும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, அளவி வில்லையும் ஆண்டு மருத்துவப் பரிசோதனையும் கேட்க வேண்டும். வில்லையிலும் அவசரகால அறிவுறுத்தல் தாளிலும் தெலுங்கும் தமிழும் கன்னடமும் இடம்பெற வேண்டும். மொழிபெயர்த்துத் தர ஆள் இல்லை என்று அதிகாரிகள் சொன்னால், அந்த வேலையைக் கூலியில்லாமல் செய்ய நான் இருக்கிறேன். பழைய இரும்புக் கடைகள் கூடும் இடங்களில் கதிர்வீச்சு அளவுகருவி வைக்க மாவட்ட நிர்வாகத்தை வலியுறுத்த வேண்டும். ஐசோடோப்பு விபத்தை இழப்பீட்டுச் சட்டத்திற்குள் கொண்டுவரும் திருத்தத்தை நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனிநபர் மசோதாவாகவேனும் முன்வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சித்தூர் மாவட்ட ஆட்சியரிடமும் திருப்பதி மாவட்ட ஆட்சியரிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும்: மொகிலி மலைப்பாதையிலோ பாகரப்பேட்டை மலைப்பாதையிலோ கதிரியக்கச் சிப்பம் ஏற்றிய லாரி கவிழ்ந்தால், கதிர்வீச்சை அளக்கத் தெரிந்த ஒருவர் அங்கே வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும்?